முதுநிலைத் திட்டப்பணிக்கு எதை எடுப்பது: இன்வெர்ட்டரா, முன்கணிப்பா, சேமிப்பா, ரிலேயா?

ஜூலை பிறந்ததும் எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் திட்டப்பணி செய்ய ஆசை. எந்தத் தலைப்பை எடுக்கலாம்?" இந்த ஆண்டு ஒரு மாணவி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். நான்கு தலைப்புகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே "புதியதா?", "வேலை கிடைக்குமா?" என்று இரண்டு கட்டம் போட்டு அனுப்பியிருந்தார். நான்கும் நல்ல தலைப்புகள், கட்டங்கள்தான் போதவில்லை. அந்த இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து முடிவெடுத்துவிட்டு, இரண்டாவது ரிவ்யூ வரும்போது காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

துணைமின்நிலையங்களில் ரிலே (பழுதைக் கண்டறிந்து மின்பாதையைத் துண்டிக்கச் சொல்லும் கருவி) சோதனை செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இப்போது ஆய்வேடுகளைப் படித்து மதிப்பிடுகிறேன். அந்த வேலையின் சாய்வு என் எழுத்தில் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

## சிக்கலின் வேர்

அனல்மின் நிலையத்தின் டர்பைனும் ஜெனரேட்டரும் பல டன் எடையுள்ள ஒற்றைத் தண்டாக நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகின்றன. எங்கோ ஒரு நிலையம் திடீரென்று விழுந்தால், மற்ற நிலையங்களின் சுழலும் எடையில் தேங்கியிருக்கும் ஆற்றல் முதல் சில நொடிகளுக்குக் கைகொடுக்கிறது. யாரும் கட்டளை இட வேண்டியதில்லை; இயற்பியலே செய்துவிடுகிறது. இதைத்தான் நிலைமம் என்கிறோம். சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. இன்றைய காற்றாலை சுழல்கிறது. ஆனால் அதற்கும் மின்கட்டமைப்புக்கும் நடுவில் மின்சாரத்தின் வடிவத்தை மாற்றும் கன்வெர்ட்டர் இருப்பதால் அந்தச் சுழற்சி வெளியே தெரிவதில்லை. பழுது நேரும் நொடியில் இந்த நிலையங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை இரும்பின் எடை தீர்மானிப்பதில்லை. யாரோ எழுதிய மென்பொருள் வரிகள் தீர்மானிக்கின்றன.

2016 ஆகஸ்ட் 16 அன்று தெற்குக் கலிபோர்னியாவில் காட்டுத்தீயின் புகையும் அனலும் 500 கிலோவோல்ட் பாதைகளில் அடுத்தடுத்துப் பழுதுகளை உண்டாக்கின. அவற்றில் ஒன்றின்போது ஏறத்தாழ 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் ஒரே வீச்சில் காணாமல் போனது. விசாரித்துப் பார்த்தால், அலைவடிவம் ஒரு கணம் சிதைந்ததை அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே விழுந்துவிட்டதாகப் பல இன்வெர்ட்டர்கள் (தகட்டின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக்கும் கருவிகள்) தவறாகக் கணக்கிட்டு விலகியிருந்தன. உண்மையில், இயல்பு 60 ஆக இருக்கும் அந்தக் கட்டமைப்பில், அதிர்வெண் 59.8-க்குக் கீழே இறங்கவே இல்லை. அடுத்த மாதம், செப்டம்பர் 28 அன்று, புயல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மின்கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டு நிமிடங்களுக்குள் மின்னழுத்தம் பலமுறை சரிந்தது. இத்தனை முறைக்கு மேல் சரிவைத் தாங்காதே என்று சில காற்றாலைகளில் முன்பே ஓர் எண் பதிந்திருந்தது. அப்படி ஓர் எண் இருப்பதே கட்டமைப்பை நடத்துபவர்களுக்குத் தெரியாது. 456 மெகாவாட் சில நொடிகளில் போயிற்று. மாநிலம் முழுதும் இருண்டது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டதற்கு மின்னழுத்தம் கட்டுமீறி ஏறிக்கொண்டே போனது காரணம். சிக்கல் ஒவ்வொரு முறையும் வேறு வாசலில் வருகிறது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் நிலைமத்தின் மீது பாய்கிறார்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் இந்தியாவின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்துவிட்டது. அவ்வளவு பெரிய கட்டமைப்பில் நிலைமப் பற்றாக்குறை நம் தலையில் இன்றே இடியாக விழவில்லை. அயர்லாந்துக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் அது வாழ்வா சாவா என்ற கேள்வி. நமக்கு இன்றைய தலைவலிகள் வேறு: ஆரல்வாய்மொழி போன்ற இடங்களில் பலவீனமான பாதைகளின் கடைசியில் குவிந்திருக்கும் காற்றாலைகள், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருகும் உபரி, சூரியன் சாய்ந்ததும் ஏறும் மாலைத் தேவை, தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் 11 கிலோவோல்ட் ஃபீடரில் எதிர்த்திசையில் ஓடும் மின்சாரம். அயர்லாந்தின் சிக்கலை அப்படியே தூக்கிக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வைத்த ஆய்வேடுகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

திட்டப்பணிக்கு இரண்டு பருவம் என்று பாடத்திட்டம் சொல்கிறது. தேர்வு, வேலைவாய்ப்பு நேர்காணல், பொங்கல் விடுமுறை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஆறேழு மாதம். அந்த அளவுக்குள் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

என் முதல் கேள்வி இது: நீங்கள் செய்தது தவறாக இருந்தால், அதை உங்களுக்குச் சொல்லப்போவது எது? உங்கள் கணினிக்கு வெளியே இருக்கும் ஏதாவது ஒன்று "இது தப்பு" என்று சொல்ல முடிய வேண்டும். முன்கணிப்பில் நாளைக்கு வீசும் காற்று சொல்லிவிடும். ரிலேயில் டிரிப் (பாதையைத் துண்டிக்கும் கட்டளை) ஆனதா இல்லையா என்பது சொல்லிவிடும். சிமுலேஷனில் வந்த விடையைச் சிமுலேஷனாலேயே சரிபார்ப்பது, தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்துவது போல.

இரண்டாவது, தரவு. "கிடைக்கும்" என்று வழிகாட்டி சொல்வதற்கும் கோப்பு உங்கள் கணினியில் இருப்பதற்கும் நடுவே சில நேரம் நான்கு மாதம் போய்விடுகிறது. மூன்றாவது, கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் ஆகும் பணம். நான்காவதுதான் பெரும்பாலோர் கவனிக்காதது: வேலையில் இறங்கிய பிறகே தெரியவரும் செலவு. ஒவ்வொரு தலைப்புக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பை ஐந்தாவதாகத்தான் வைப்பேன், ஏனென்றால் நான்கு துறைகளிலும் ஆள் தேவை இருக்கிறது. அரைகுறையாக முடித்த ஆய்வேட்டை நேர்காணலில் விளக்க முடியாமல் திணறுவதுதான் வேலைக்குத் தடை.

## கிரிட் ஃபார்மிங் இன்வெர்ட்டர்

இன்று நிறுவப்பட்டிருக்கும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை கட்டமைப்பின் மின்னழுத்த அலையைப் பார்த்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைச் செலுத்துபவை. முன்னால் பாட ஒருவர் வேண்டும். இவை பின்பாட்டுப் பாடும். பாடுபவர் குரல் தேயத் தேய, பின்பாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தடுமாறுவார்கள். பலவீனமான கட்டமைப்பில் பி.எல்.எல்., அதாவது கட்டமைப்பின் அலையைப் பின்தொடரும் பகுதி, அலைக்கழிவது இதனால்தான். 2015 ஜூலையில் சீனாவின் ஹாமி பகுதியில் காற்றாலைகளில் எழுந்த அலைவு, 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த அனல்மின் நிலையத்தின் ஜெனரேட்டர்களை நிறுத்தியது. கிரிட் ஃபார்மிங் என்றால் இன்வெர்ட்டர் தானே மின்னழுத்த அலையை உருவாக்கி, முன்னால் பாடுவது.

இந்தச் சிந்தனையின் வேர்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது. பல இன்வெர்ட்டர்கள் தங்களுக்குள் தகவல் தொடர்பே இல்லாமல் சுமையைப் பகிர்ந்துகொள்ள ட்ரூப் முறையை (சுமை ஏற ஏற ஒவ்வொன்றும் தன் அதிர்வெண்ணைச் சற்றே இறக்கிக்கொள்வது) காட்டிய 1993-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் முகுல் சாந்தோர்கர், தீபக் திவான், ராம்பாபு அடாபா. 2011-இல் ஜோங், வைஸ் இருவரும் இன்வெர்ட்டரை அனல்மின் நிலையத்தில் சுழலும் சிங்க்ரனஸ் ஜெனரேட்டரைப் போலவே நடக்கச் செய்யும் முறையை முன்வைத்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நிலையம் 2022 முதல் நிலைமம் போன்ற சேவையையும் தருகிறது. ஆக, ஆய்வகத்தை விட்டு வெளியே வந்துவிட்ட துறை இது; திறந்த கேள்விகளும் நிறைய.

அந்தத் திறந்த கேள்வி எங்கே என்பதைப் பார்க்காமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்க்ரனஸ் ஜெனரேட்டர் பழுதின்போது தன் இயல்பளவைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும். இன்வெர்ட்டரின் டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் 1.1 முதல் 1.5 மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். பழுதின்போது மின்னோட்டத்தை அந்த எல்லைக்குள் பிடித்து நிறுத்தினால், "நானே மின்னழுத்தத்தை உருவாக்குவேன்" என்ற வாக்கை இன்வெர்ட்டர் காப்பாற்ற முடியாது. அந்த எல்லையில் நிற்கும்போதும், அதிலிருந்து மீளும்போதும் நிலைத்தன்மை என்னவாகும் என்பதே உலகெங்கும் ஆராயப்படும் கேள்வி. நான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் மின்னோட்ட எல்லையே இல்லை, டி.சி. பக்கத்தில் அமுதசுரபி போல ஒரு வற்றாத மூலம். அந்த இரண்டையும் விட்டுவிட்டால் எந்தக் கட்டுப்பாட்டு முறையும் அழகாகத்தான் வேலை செய்யும்.

செலவைப் பார்ப்போம். சிமுலேஷனோடு நிற்பதென்றால் கல்லூரியில் இருக்கும் மேட்லாப் போதும். ஆனால் நான் கேட்ட முதல் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் ஆசிலோஸ்கோப்பில் ஓர் அலை தெரிய வேண்டும். உண்மையான கருவியை இணைத்துச் சோதிக்க உதவும் ரியல்டைம் சிமுலேட்டர் பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களில்தான் இருக்கும். அதற்காகச் சோர வேண்டாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் டி.எஸ்.பி. போர்டு (கட்டுப்பாட்டுக் கணக்குகளைச் செய்யும் சிறு கணினிப் பலகை), குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் சிறிய மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர், இவற்றை வைத்து மின்னோட்ட எல்லையைச் சோதிக்கலாம். வெளியே தெரியாத செலவு காலம்: கேட் டிரைவர், இரைச்சல், எரிந்துபோகும் ஐ.சி. என்று முதல் மூன்று மாதத்தை வன்பொருளே விழுங்கிவிடும். இளநிலையில் பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் கை வைத்துப் பழகியவர் மட்டும் இதில் இறங்கட்டும். முனைவர் பட்டம் வரை போக எண்ணுபவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

## காற்று, சூரிய முன்கணிப்பு

மாணவர்கள் அதிகம் எடுப்பது இது. மடிக்கணினி, பைதான், ஒரு தரவுக் கோப்பு, போதும். சிக்கலும் மெய்யானது. நம் நாட்டில் ஒரு நாள் 96 துண்டுகளாக, 15 நிமிடத்துக்கு ஒன்றாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தருவோம் என்று காற்றாலையும் சூரிய நிலையமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலகினால் பணம் கட்ட வேண்டும். காற்றின் வேகம் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு பெரிதாகப் பிசகும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் முப்படியைச் சார்ந்தது. வேகத்தில் 10 விழுக்காடு பிழை, டர்பைன் முழுத் திறனை எட்டாத பகுதியில், ஆற்றலில் 33 விழுக்காடாகிறது.

தவறைச் சொல்லும் நடுவர் இங்கே மிகக் கண்டிப்பானவர். நாளை வந்துவிடும், பார்த்துவிடலாம். வருத்தம் என்னவென்றால், அந்த நடுவரையே ஏமாற்றும் வழிகள் இதில்தான் அதிகம். தெரியாமலேயே செய்துவிடுகிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

சூரிய உற்பத்தியில் இரவு நேரத்தையும் சேர்த்துப் பிழையைச் சராசரியிட்டால், பாதி நாள் பூச்சியத்தைப் பூச்சியம் என்று சரியாகச் சொன்னதற்கும் மதிப்பெண் விழும். காலவரிசைத் தரவைக் கலைத்துப்போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால், பத்து மணியின் விடையை 9.45-இன் விடையும் 10.15-இன் விடையும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். "இப்போது இருப்பதே அடுத்த துண்டிலும் இருக்கும்" என்ற எளிய ஊகத்தோடு ஒப்பிடாமல் விட்டால், எல்.எஸ்.டி.எம். போன்ற நியூரல் நெட்வொர்க் மாதிரி எதைச் சாதித்தது என்றே தெரியாது. அடுத்த 15 நிமிடத்துக்கு அந்த ஊகத்தை வெல்வது எவ்வளவு கடினம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 98 விழுக்காடு துல்லியம் என்று முதல் பக்கத்தில் எழுதிய ஓர் ஆய்வேட்டில், இரவைக் கழித்து நானே கணக்கிட்டபோது அந்த எளிய ஊகத்தைவிட அது மோசமாக இருந்தது. ஓர் இளைஞரின் எட்டு மாத உழைப்பு அது. யாராவது ஆகஸ்டிலேயே சொல்லியிருக்கலாம்.

தரவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றாலையின் ஸ்காடா பதிவுகளை (கண்காணிப்பு அமைப்பு சேர்த்துவைக்கும் விவரங்களை) உரிமையாளர்கள் எளிதில் தருவதில்லை. அதனால் மாணவர்கள் ஐரோப்பிய வானிலை மையத்தின் இ.ஆர்.ஏ.5 தரவுக்குப் போகிறார்கள். இலவசம், 1940 முதல் மணிக்கு மணி. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாய் அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோகும். கணவாய் இல்லையென்றால் அங்கே காற்றாலையே இல்லை. மணிக்கு ஒரு முறை வரும் தரவை 15 நிமிடமாக நீட்டி "முன்கணித்தால்", நீங்கள் கணிப்பது உங்கள் சொந்த இடைச்செருகலைத்தான். நல்ல தரவு வேண்டுமென்றால், 2014-இல் நடந்த உலக அளவிலான முன்கணிப்புப் போட்டியின் தரவு இருக்கிறது. ஆஸ்திரேலியக் காற்றாலைகள் பத்தின் பதிவு. அதில் மற்றவர்களின் முடிவுகளோடு நேர்மையாக மோதலாம். ஒற்றை எண்ணைச் சொல்லாமல், "இந்த வரம்புக்குள் இருக்க இத்தனை வாய்ப்பு" என்று நிகழ்தகவாகச் சொல்லும் போட்டி அது. துறை போகும் திசையும் அதுதான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு எவ்வளவு கையிருப்பு வைக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். நடுவெண் மட்டும் போதாது.

புள்ளியியலை விரும்பிப் படிப்பவர், வன்பொருள் ஆய்வகம் இல்லாத கல்லூரியில் இருப்பவர், பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் ஆகியோருக்கு இதுவே ஏற்றது. வேலையும் இருக்கிறது. பல நிலையங்களின் சார்பில் அட்டவணை கொடுக்கும் கியூ.சி.ஏ. நிறுவனங்களுக்கு இதே திறமைதான் தேவை.

## சேமிப்பு: பேட்டரியும் நீரேற்றும்

எவ்வளவு பெரிய பேட்டரி, எங்கே, எப்போது ஏற்றி எப்போது இறக்குவது. கேள்வி எளிது. பை.பி.எஸ்.ஏ. (PyPSA) போன்ற இலவச மென்பொருள், உகந்த தீர்வைத் தேடித்தரும் ஹைஸ் (HiGHS) போன்ற இலவச சால்வர், மின் சந்தையின் 15 நிமிட விலைப் பட்டியல், இவற்றால் ஒரு மாதத்தில் முதல் விடை வந்துவிடும்.

அந்த முதல் விடை பெரும்பாலும் தவறாக இருக்கும். அதைச் சொல்ல யாரும் இல்லை. பேட்டரி பத்தாண்டு உழைக்குமா என்பதை அறியப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். இந்தத் தலைப்பில் நடுவர் மைதானத்துக்கு வருவதே தாமதமாகத்தான். அவர் வரும் வரை நீங்களே உங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதற்கும் விலை முன்பே தெரியும் என்று வைத்து உகந்த தீர்வைக் கண்டால் லாபம் மிகையாகவே வரும். முந்தைய நாள் தெரிந்ததை மட்டும் வைத்து, நாள் நாளாக நகர்த்திப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை எழுதினாலே அது ஒரு நல்ல ஆய்வு முடிவு. இராமநாதபுரம் வெயிலில் பேட்டரிக் கொள்கலனைக் குளிர்விக்க ஆகும் மின்சாரத்தையும், வெப்பத்தால் அது மூப்படையும் வேகத்தையும் சேருங்கள். குளிர்நாட்டில் எடுத்த மூப்பு எண்களை அப்படியே போடாதீர்கள்.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு கேள்வி தனியாக இருக்கிறது. ஆனைமலையில் 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காடம்பாறை நீரேற்று மின்நிலையம் (உபரி மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) 400 மெகாவாட். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டது. நீரேற்றில் போட்டதில் நூற்றுக்கு 70 முதல் 80 திரும்ப வரும். லித்தியத்தில் 85-க்கு மேல். ஆனால் நான்கு மணி நேர பேட்டரி மதிய வெயிலை மாலைக்குக் கொண்டுபோகுமே தவிர, ஜூலைக் காற்றை ஏப்ரலுக்குக் கொண்டுபோகாது. காற்றாலைக் காலத்தில் பேக்டவுன் செய்யச் சொல்லி, அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி, வரும் உத்தரவுகளைப் பேட்டரியால் எவ்வளவு குறைக்கலாம், எந்த எல்லைக்கு மேல் புதிய மின்பாதை கட்டுவதே மலிவு? இதை நேர்மையாகக் கணக்கிட்ட ஆய்வேடு வந்தால் நான் இரண்டு முறை படிப்பேன். பொருளாதாரமும் கொள்கையும் பிடித்தவர்கள், திட்டமிடல் நிறுவனங்களில் சேர விரும்புபவர்கள் எடுக்கலாம்.

## ரிலேயும் பாதுகாப்பும்

என் சாய்வு இங்கேதான். தொலைவு ரிலே, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பழுது எவ்வளவு தூரத்தில் என்று அறிகிறது. நூறாண்டுக்கு மேலாகப் பாதுகாப்புப் பொறியியல் ஓர் உண்மையை நம்பி வளர்ந்தது: பழுது என்றால் மின்னோட்டம் பலமடங்கு பாயும், அதன் கோணம் இயற்பியலுக்குக் கட்டுப்பட்டிருக்கும். இன்வெர்ட்டர் இரண்டையும் மாற்றிவிட்டது. மின்னோட்டம் கொஞ்சமே ஏறுகிறது. கோணத்தை மென்பொருள் தீர்மானிக்கிறது. பழுது முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்க்க நெகட்டிவ் சீக்வென்ஸ் மின்னோட்டத்தை (மூன்று ஃபேஸும் சமன் குலையும்போது தோன்றும் பகுதியை) நம்பும் ரிலேக்களுக்கு, அந்த மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் தராமலே இருந்துவிட்டால் கண் போன மாதிரிதான். அதைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2022-இல் வந்த ஐ.இ.இ.இ. என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் 2800 தரநிலை சொல்கிறது. அப்படித் தந்தால் பழைய ரிலேக்கள் எந்த அளவுக்குச் சரியாக நடக்கும் என்பது ஆறு மாதத்தில் செய்யக்கூடிய, பயனுள்ள ஆய்வு.

ஃபீடர் மட்டத்திலும் வேலை இருக்கிறது. கூரை சூரிய மின்சாரம் பெருகினால் துணைமின்நிலைய ரிலேக்குப் பழுது தெரியாமல் மறைந்துவிடும் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். சிமுலேஷனைத் திறந்தால், கூரை இன்வெர்ட்டருக்குப் பதில் சிங்க்ரனஸ் ஜெனரேட்டரை வைத்திருக்கிறார்கள். 1.2 மடங்கு மட்டும் தரும் இன்வெர்ட்டரை வைத்தால் அந்த மறைப்பு பாடநூல் சொல்லும் அளவுக்கு வருவதில்லை. உண்மையான ஆபத்து வேறொரு இடத்தில். ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் பல தயாரிப்பாளர்களின் இன்வெர்ட்டர்கள் இருக்கும்போது, மேலே மின்சாரம் நின்றதும் எல்லாம் உடனே நிற்கின்றனவா? ஒன்றின் அலையைப் பார்த்து மற்றொன்று "கட்டமைப்பு இருக்கிறது" என்று ஏமாறாதா? அந்த நேரத்தில் கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு லைன்மேன். எர்த் ராடு போடாமல் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் இருக்கவே கூடாது என்பதை உறுதிசெய்வது பொறியாளரின் கடமை. இந்தத் தலைப்பை நான் விடாமல் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

சோதிக்கும் வழி எளியது, திட்டவட்டமானது. சிமுலேஷனில் வரும் பழுது அலையை காம்ட்ரேட் (பழுது அலைகளைப் பதியும் பொது வடிவம்) கோப்பாக்கி, அந்த அலையை மின்சாரமாகவே தரும் ரிலே டெஸ்ட் கிட் வழியாக உண்மையான நியூமெரிக்கல் ரிலேக்குள் (கணினிச் சில்லு உள்ள ரிலே) செலுத்துங்கள். டிரிப் ஆகும், அல்லது ஆகாது. மில்லிநொடியோடு பதிவாகும். பல கல்லூரிகளில் ரிலே வாங்கிப் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. டெஸ்ட் கிட் விலை அதிகம். அதை வைத்திருப்பவர்களிடம் இரண்டு நாளுக்குக் கேட்கலாம்.

தெரியாத செலவு: தயாரிப்பாளர்கள் தங்கள் இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு வரிகளைக் காட்டமாட்டார்கள். பொது மாதிரியை வைத்து நீங்கள் செய்த முடிவு, குறிப்பிட்ட இன்வெர்ட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். அதை முன்பே ஒப்புக்கொண்டு, இரண்டு மூன்று வகை மாதிரிகளில் சோதித்துக் காட்டுங்கள். இன்னொன்று, இந்தத் துறைக்குப் பளபளப்பு இல்லை. "ஏ.ஐ. எங்கே?" என்று ரிவ்யூவில் கேட்பார்கள். ரிலே செட்டிங் புரிந்தவருக்கு வேலைச் சந்தையில் இருக்கும் மதிப்பை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இன்வெர்ட்டர் | முன்கணிப்பு | சேமிப்பு | ரிலே |
|---|---|---|---|---|
| தவறைச் சொல்வது | ஆசிலோஸ்கோப் | நாளைய உற்பத்தி | உடனடியாக எதுவும் இல்லை | ரிலேயின் டிரிப் |
| தரவு | தேவை குறைவு | பொதுத் தரவு உண்டு. உள்ளூர்த் தரவு அரிது | சந்தை விலை கிடைக்கும் | சிமுலேஷனில் உருவாக்கலாம் |
| பணம் | நடுத்தரம் முதல் மிக அதிகம் வரை | மிகக் குறைவு | மிகக் குறைவு | ரிலே இருந்தால் குறைவு |
| மறைந்த செலவு | வன்பொருள் விழுங்கும் மாதங்கள் | அறியாமல் நேரும் சோதனைப் பிழை | எதிர்காலம் தெரிந்ததாக வைக்கும் கணக்கு | காட்டப்படாத கட்டுப்பாட்டு வரிகள் |
| யாருக்கு | பவர் எலக்ட்ரானிக்ஸ் பழகியவர், முனைவர் பட்டம் நோக்குபவர் | புள்ளியியல் பிரியர், ஆய்வக வசதி இல்லாதவர் | பொருளாதாரம், திட்டமிடல் பிடித்தவர் | களப்பணி விரும்புபவர் |

வழிகாட்டியைப் பற்றி ஒரு வரி. அவர் எந்தத் துறையில் இருக்கிறாரோ அதில் நடுத்தரமான தலைப்பு, அவருக்குப் பழக்கமில்லாத துறையின் அருமையான தலைப்பைவிட மேல். இரவு பதினொரு மணிக்கு அலைவடிவம் புரியாமல் உட்கார்ந்திருக்கும்போது இதன் பொருள் விளங்கும்.

இரண்டு தலைப்புகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. சூரியத் தகட்டிலிருந்து அதிகபட்ச ஆற்றலை எடுக்கும் எம்.பி.பி.டி.க்கு ஓநாய், திமிங்கலம், மின்மினி என்று ஒரு விலங்கின் பெயரில் புதிய அல்காரிதம்: இதில் இன்னொன்று யாருக்கும் உதவாது. தகட்டிலிருந்து ஆற்றல் எடுக்கும் சிக்கல் தொழிலளவில் தீர்ந்து பல காலம் ஆகிவிட்டது. பசுமை ஹைட்ரஜன் பெரிய துறை. ஆனால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் ஓடும் ஆய்வகம் பக்கத்தில் இல்லையென்றால் முதுநிலை மாணவருக்கு எட்டுவது விரிதாள் கணக்கு மட்டும்.

முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம், தரவுக் கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள், அல்லது கருவிக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது வாரம், அந்தத் துறையின் எளிய, பழைய முறையை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்: ஒரு ட்ரூப், ஒரு எளிய ஊகம், ஒரு நாள் சேமிப்புக் கணக்கு, ஒரு ஓவர்கரண்ட் செட்டிங். அது பத்து நாளில் ஓடவில்லையென்றால், புதிய முறை பத்து மாதத்தில் ஓடாது.

கட்டம் போட்டு அனுப்பிய மாணவிக்கு இவற்றையெல்லாம் எழுதிவிட்டு, அவர் கல்லூரி ஆய்வகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டேன். நியூமெரிக்கல் தொலைவு ரிலே ஒன்று, உறை பிரிக்காமல், அலமாரியின் மேல்தட்டில் இருப்பதாகப் படம் எடுத்து அனுப்பினார். வழிகாட்டி மின்பாதைப் பாதுகாப்பில் முனைவர் பட்டம் பெற்றவர். நான்காவதை எடுக்கச் சொல்லிவிட்டேன். முதல் ரிவ்யூவுக்கு முன் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த ரிலேக்கு 110 வோல்ட் டி.சி. தரக்கூடிய ஒரு சப்ளையைத் தேடிப் பிடிப்பது.